பசை காயும் நேரம்

மூன்று மணி வரைக்கும்தான் என்று சொல்லிவிட்டு, ஜன்னல் மாட்ட வந்த இம்தியாஸ் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தான். மணி பன்னிரண்டே முக்கால். ஏகாம்பரம் கட்டிலின் கால்மாட்டில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, காலையில்தான் ஜன்னலில் ஏறியிருந்த புதுக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி டீ நிறத்தில் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் தம்பி கஜேந்திரன் வீட்டுக் கொல்லை, துணிக்கொடி, சிமெண்டுத் தொட்டி, ஒரு முருங்கை மரம், எல்லாமே டீயில் விழுந்து கிடப்பது போல இருந்தன. பதினேழு வருஷமாக அந்த இடத்தில் ஒரு தகரம் இருந்தது. அவரே ஆணி வைத்து அறைந்த தகரம். மேற்கு வெயில் அதன்மேல் ஏறி, சாயங்காலம் நாலு மணிக்குத் தோசைக்கல் மாதிரி காயும். கிட்டே போனால் முகத்தில் அடிக்கும். அந்தத் தகரத்துக்கு முன்னால்தான் மனைவி நவநீதம் பதினாலு மாசமாகப் படுத்திருந்தாள். வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. போன கத்திரியில் உடம்பு சூடேறி வலிப்பு வந்து, ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்தாள். இன்னொரு வெயில் இப்படி அடிச்சா இவங்க தாங்க மாட்டாங்க பெரியவரே, ரூமைக் குளிர்ச்சியா வெச்சுக்குங்க என்று டாக்டர் சொன்னார். குளிர்ச்சியைப் பற்றி எனக்கே சொல்கிறான் என்று அப்போது நினைத்துக்கொண்டார். முன்கூடத்துக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ். அங்கே கொண்டுபோய்ப் போட்டால் ஒரு நாள் தாங்காது. இந்த அறை ஒன்றுக்குத்தான் தளம் போட்ட கூரை. இந்த அறைக்கு இந்த ஜன்னல் ஒன்றுதான். ஓசூரிலிருந்து மகள் ஹேமலதா ஜன்னல் மாற்றக் காசு அனுப்பினாள். மறுபடி ஒருமுறை அவளிடம் கேட்கிற வாய் அவருக்கு இல்லை. அதனால்தான் இம்தியாஸ் போகும்போது சொன்னது காதிலேயே நின்றது.

"ஐயா, அளவெடுக்க வந்த அன்னிக்கே கேட்டேன். ஏசி இல்லாத ரூமுக்குத் தொறக்காத கண்ணாடி எதுக்குன்னு. சொன்னதைப் போடுன்னீங்க, போட்டுட்டேன். இப்ப உள்ள நின்னு பாக்கறேன், எனக்கே மூச்சு முட்டுது. படுத்த படுக்கையா இருக்கறவங்க எப்படி இருப்பாங்க?"

"ரெட்டைக் கண்ணாடி போட்டா சூடு வராதுன்னு நீதானப்பா சொன்னே."

"வெளிய இருக்கற சூடு உள்ள வராது. உள்ள இருக்கற சூடு எங்க போவும்? மூணு மணிக்குள்ள சொல்லிடுங்க. பசை ஈரமா இருக்கறப்ப அறுத்து இழுத்தா கண்ணாடி முழுசா வரும். தள்ளித் தொறக்கற மாதிரி மாத்திக் கொண்டாந்து நாளைக்கே மாட்டிடறேன். இந்த வெயிலுக்கு மூணு மணிக்கு மேல பிடிச்சுக்கும். அப்புறம் ஒடைச்சுத்தான் எடுக்கணும்."

உள்ளே இருக்கிற சூடு எங்கே போகும். முப்பத்தோரு வருஷம் ஐஸ் கம்பெனியில் வேலை செய்தவனிடம் கேட்கிறான். மூன்றாம் வகுப்போடு நிறுத்தி, பதினோரு வயதில் நைனா கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்ட இடம். அமோனியா நெடி மூக்கில் ஏறினால் கண்ணில் தண்ணீர் கொட்டும். ஒரு மாசத்தில் பழகிவிடும், அப்புறம் வெளிக்காற்றுதான் மூக்குக்கு ஒட்டாது. உப்புத்தண்ணீர்த் தொட்டியிலிருந்து டப்பாவைச் சங்கிலியில் தூக்கி, நல்ல தண்ணீரில் ஒரு முக்கு முக்கிக் கவிழ்த்தால், ஐஸ் பார் பாம்பு மாதிரி வழுக்கிக்கொண்டு வரும். கொக்கியால் குத்தி இழுத்து ஐஸ் ரூமுக்குள் அடுக்க வேண்டும். சுவரெல்லாம் தக்கையும் தாரும், கதவு ஒரு முழம் கனம். கதவைத் திறந்து வைத்தவன் அன்றைக்கே வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்பார் முதலாளி. ஒரு பொத்தல் இருந்தாலும் போச்சு, ஊசி நுழைகிற சந்து இருந்தாலும் ஐஸ் அழும் என்பார். அழும் என்றுதான் சொல்வார். ஐஸ் அழுது தரையெல்லாம் தண்ணீராகிவிடும். அதைத்தான் இம்தியாஸிடமும் சொன்னார். ஒரு சந்து இருக்கக் கூடாதுப்பா, இறுக்கமா அடைச்சுடு என்றார். அவன் பார்த்த பார்வை அவருக்குப் பிடிக்கவில்லை. படித்தவர்கள் பார்க்கிற பார்வை. தம்பி பார்க்கிற பார்வை. எழுந்துபோய்க் கண்ணாடியின் ஓரத்தில் பூசியிருந்த வெள்ளைப் பசையைச் சுண்டுவிரலால் தொட்டுப் பார்த்தார். மேலே ஆடை கட்டியிருந்தது, பாலில் கட்டுகிற மாதிரி. அழுத்தினால் உள்ளே கொழகொழவென்று போயிற்று. விரலில் புளித்த வாசனை. இன்னும் காயவில்லை. நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். மின்விசிறி தட்டையான கூரையின் சூட்டை அள்ளி அள்ளிக் கீழே போட்டுக்கொண்டிருந்தது. நவநீதத்தின் கழுத்து மடிப்பில் வேர்வை கோத்திருந்தது. துண்டால் ஒற்றினார். அவள் அவரைப் பார்க்கவில்லை. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் தகரத்தைப் பிடுங்கினதிலிருந்து அவள் பார்வை அங்கேயே இருந்தது.

தகரத்தைப் பிடுங்கின சத்தத்தில் பல் கூசியது. ஆணிகள் துருப்பிடித்து மரச்சட்டத்தோடு ஒன்றாகிப் போயிருந்தன. வெளியே நின்றுதான் வேலை செய்ய முடியும் என்று இம்தியாஸ் கஜேந்திரனிடம் போய்க் கேட்டான். கேட்காமல் செய்ய வழி உண்டா என்று ஏகாம்பரம் இரண்டு நாள் யோசித்துப் பார்த்தார், இல்லை. அவன் சரி என்றானாம். ஏணிகூடக் கொடுத்தானாம். மோர் கொடுத்தானாம். இதையெல்லாம் இம்தியாஸ் வந்து சொன்னபோது ஏகாம்பரம் காது கேட்காதவர் மாதிரி இருந்தார். மோர் கொடுப்பான். யார் பார்த்தாலும் நல்லவன் என்று சொல்லும்படி செய்வதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அன்றைக்கும் அப்படித்தான், சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நைனா போன அடுத்த வருஷம் சர்வேயர் வந்து வீட்டை நடுவில் பிரித்துக் கல் நட்டுவிட்டுப் போனார். தம்பி அவன் பக்கம் காம்பவுண்டு எழுப்பக் கொத்தனாரைக் கூட்டி வந்திருந்தான். டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். இந்த ஜன்னலுக்கு அப்போது மரக்கதவு, வெளியே திறக்கிற கதவு. நவநீதம் அதைத் திறந்து வைத்திருந்தாள். அவன் டேப்பை நீட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான், "அண்ணா, உன் ஜன்னல் கதவு என் எடத்துக்குள்ள பதினோரு அங்குலம் வருது." கொத்தனார் இருந்தார். சித்தாள் இரண்டு பேர் இருந்தார்கள். எதிர்வீட்டு ரங்கநாயகி தண்ணீர்க் குடத்தோடு நின்றாள். வருது என்றுதான் சொன்னான். மூடு என்று சொல்லவில்லை. சொல்லவில்லை, ஆனால் சிரித்தான். அந்தச் சிரிப்பு என்ன சிரிப்பு என்று பதினேழு வருஷமாக ஏகாம்பரம் புரட்டிப் புரட்டிப் பார்த்திருக்கிறார். விளையாட்டுச் சிரிப்பா, வேண்டுமென்றே சிரித்ததா. சிரித்த வாயில் ஒரு பக்கம் பல் தெரிந்தது. பதினோரு அங்குலம் என்று அந்த டேப்பில் படித்தவன் அவன். அவனைப் படிக்க அனுப்பியது யார். ஐஸ் தூக்கித் தூக்கி இரண்டு கையிலும் நகக்கண் செத்துப் போனவன் யார். எனக்கு டேப்பில் அங்குலம் பார்க்கத் தெரியாது என்று தெரிந்துதானே நாலு பேர் முன்னால் நீட்டினான். அவன் போனதும் அவர் கையால் அளந்து பார்த்தார். ஒரு சாணும் மூன்று விரலும். சரியாகத்தான் இருந்தது, அதுதான் இன்னும் எரிந்தது. அன்று சாயங்காலமே கதவைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டுத் தகரத்தை அறைந்தார். நவநீதம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். காத்து வேணாமாங்க என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

கட்டிலின் இரும்புச் சட்டத்தில் டொக்கென்று சத்தம் வந்தது. ஏதாவது வேண்டுமென்றால் நவநீதம் இடது கை வளையலால் சட்டத்தைத் தட்டுவாள். அது ஒன்றுதான் அவளுக்குப் பேச்சு. தண்ணீரா என்று பார்த்தார். அவள் கண் கண்ணாடியில் இருந்தது. அங்கே வேதவல்லி நின்றுகொண்டிருந்தாள். கஜேந்திரன் பெண்டாட்டி, நவநீதத்தின் கூடப்பிறந்த தங்கை. நவநீதம்தான் கொழுந்தனுக்குத் தங்கையைக் கேட்டுக் கட்டி வைத்தவள். ஒரே வீட்டில் அக்கா தங்கை இரண்டு பேரும் ஒன்றாகவே இருந்துவிடலாம் என்று அவளுக்கு ஓர் ஆசை. வேதவல்லி தலைக்கு மேல் முந்தானையைப் போட்டுக்கொண்டு, வெயிலில் கண்ணைச் சுருக்கிக் கண்ணாடிக்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டுவந்தாள். அவ்வளவு கிட்டே அவளை ஏகாம்பரம் பதினேழு வருஷத்தில் பார்த்ததில்லை. முன்தலை முழுக்க நரைத்துவிட்டது. மூக்குத்திக்குப் பக்கத்தில் ஒரு மரு. அவள் உள்ளே பார்த்தாள், ஆனால் உள்ளே பார்க்கவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் பார்க்கிறவர் முகம்தான் தெரியும், அப்படிப்பட்ட கண்ணாடி. கடையில் நாலைந்து துண்டு காட்டியபோது, அந்தப் பக்கத்து ஆளுங்க உள்ள பாக்கக் கூடாது, அந்த மாதிரி குடு என்று கேட்டு வாங்கியது அவர்தான். வேதவல்லி தன் முகத்தையே பார்த்துக்கொண்டு வாயை அசைத்தாள். சத்தம் வரவில்லை. ரெட்டைக் கண்ணாடி. அக்கா என்கிற வாய் அசைவு மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்தாள். முந்தானை ஓரத்தால் கண்ணாடியில் ஓர் இடத்தைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள், தூசியால்தான் தெரியவில்லை என்பது போல. டொக், டொக், டொக் என்று நவநீதம் தட்டிக்கொண்டே இருந்தாள். இரு, இரு என்றார் ஏகாம்பரம். எதற்கு இரு என்றார் என்று அவருக்கே தெரியவில்லை. வேதவல்லி போய்விட்டாள். துணிக்கொடியில் அவள் கை பட்டு ஒரு பாவாடை ஆடிக்கொண்டிருந்தது. நவநீதம் தட்டுவதை நிறுத்தினாள். அவள் கண் ஓரத்தில் வழிந்ததை வேர்வை என்று நினைத்துத் துடைத்தார். வேர்வை என்றே வைத்துக்கொண்டார்.

அக்கா தங்கை இரண்டு பேரும் முன்பு வெளியே பார்த்துக்கொண்டது அவருக்குத் தெரியாமல் இல்லை. ரேஷன் கடையில், செவ்வாய்க்கிழமை அம்மன் கோயிலில், பால் பூத்தில். தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தார். சில நாள் குழம்பில் வேறு கைப் பக்குவம் இருக்கும்; ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிடுவார். அதற்குமேல் ஓர் ஆம்பளை என்னதான் இறங்குவது. நவநீதம் விழுந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் தம்பி பிளாஸ்கில் காப்பியோடு வந்து நின்றான், வேதவல்லி தரையில் உட்கார்ந்து அழுதாள். அப்போதுதான் அவர் சொன்னார், என் வாசப்படி எவளும் மிதிக்கக் கூடாது என்று. வார்டே திரும்பிப் பார்த்தது. சொல்லும்போது அந்தச் சொல் அவ்வளவு நீளம் போகும் என்று தெரியவில்லை. சொல்லிவிட்டார், சொன்னதை எப்படித் திரும்ப வாயில் போட்டுக்கொள்வது. ஏசி வைத்துவிடலாம் அப்பா என்று ஹேமலதா முதலில் அதைத்தான் சொன்னாள். விசாரித்தால், கரண்ட் இணைப்பு இன்னும் நைனா பேரில் இருக்கிறது, லோடு ஏற்ற வேண்டுமென்றால் வாரிசு இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அந்தக் காகிதத்தை மடித்து நிலைக்கண்ணாடிக்குப் பின்னால் செருகி வைத்தார். காகிதம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அவளிடம் ஏசி அம்மாவுக்கு ஒத்துக்காதும்மா, ஜலதோஷம் பிடிக்கும் என்றார். அவள் நம்பினாளோ இல்லையோ, ஜன்னலுக்கு இறங்கி வந்தாள். நினைத்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. அவள்தான்.

"மாட்டியாச்சாப்பா?"

"மாட்டியாச்சும்மா."

"எப்படி இருக்கு?"

"ஜில்லுனு இருக்கு."

"நெசமாவா? அம்மாகிட்ட வை."

போனை நவநீதத்தின் காதில் வைத்தார். அம்மா, அம்மா, நல்லாருக்கா, காத்து வருதா என்று அந்தச் சின்னக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. நவநீதத்தின் மூச்சு மட்டும் போயிற்று, இழுத்து இழுத்து. அவள் சட்டத்தைத் தட்டிவிடுவாளோ என்று அவளுடைய இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டவில்லை. சரி அம்மா தூங்கட்டும் என்று ஹேமலதாவே வைத்துவிட்டாள்.

ஒன்றரைக்குக் கரண்ட் போயிற்று. மின்விசிறி மெல்ல மெல்ல இறங்கி, கடைசிச் சுற்றில் முனகிவிட்டு நின்றது. கஜேந்திரன் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்று நாலு வருஷம் ஆகிறது. ஆனாலும் தெருவில் கரண்ட் போனால் அவன்தான் எங்கேயோ பிடுங்கிவிட்டான் என்று ஏகாம்பரத்துக்குத் தோன்றும். இன்றைக்கும் தோன்றியது. தோன்றின வேகத்தில் செத்தும் போயிற்று, ஏனென்றால் வேறு ஒன்று அறைக்குள் வந்து நின்றது. சத்தமில்லாமை. தெருச் சத்தம் இல்லை, காக்கா இல்லை, கொல்லையில் பாவாடை ஆடியது, ஆனால் அறைக்குள் காற்று இல்லை. இவ்வளவு அமைதியை அவர் ஒரே இடத்தில்தான் கேட்டிருக்கிறார், ஐஸ் ரூமில், கதவைச் சாத்தினதும். அங்கே அந்த அமைதி குளிர்ந்திருக்கும். இங்கே அது கனத்துக்கொண்டே போனது. முதலில் கண்ணிமை, அப்புறம் காது மடல், அப்புறம் நாக்கு. பனியன் முதுகோடு ஒட்டியது. தகரம் இருந்தபோது ஓரத்துச் சந்துகளில் மண்ணும் எறும்பும் கொஞ்சம் காற்றும் வந்துகொண்டிருந்தன. இப்போது எதுவும் இல்லை, சொன்னபடி இறுக்கமாக அடைத்திருக்கிறான். விசிறியை எடுத்து வீசினார். இருக்கிற சூடே இடம் மாறியது. நவநீதத்தின் கையைத் தொட்டார், அடுப்பு மேடை மாதிரி இருந்தது. நெற்றியும் அப்படித்தான். ஐஸ் ரூமில் ஐஸைத் தொட்டால் குளிரும். ஐஸ் இருந்தது, அதனால் குளிர்ந்தது. அங்கே அடைத்து வைத்தது ஐஸை. இங்கே அடைத்து வைத்திருப்பது என்ன. இந்தக் கேள்வி அவரிடம் மெதுவாகத்தான் வந்தது, நடக்கப் பழகுகிற குழந்தை மாதிரி, விழுந்து விழுந்து. அப்போது, எங்கிருந்தோ, சோறு ஞாபகம் வந்தது. கம்பெனியில் ஐஸ் பார்களை மூட உமி கொட்டி வைத்திருப்பார்கள். உமிக்குள் புதைத்தால் சாயங்காலம் வரைக்கும் ஐஸ் கரையாது. அதே உமியில்தான் அவர்கள் காலையில் கொண்டுவந்த சோற்றுத் தூக்கைப் புதைத்து வைப்பார்கள். கல்யாணத்துக்கு அப்புறம் நவநீதம் விடியற்காலையில் வடித்த சோறு, மத்தியானம் ஒரு மணிக்கு மூடியைத் திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கும், விரல் வைக்க முடியாது. இந்தப் பக்கம் ஐஸ், அந்தப் பக்கம் சோறு, நடுவில் ஒரே உமி. உமிக்கு ஐஸும் தெரியாது, சோறும் தெரியாது. எதை வைத்தாலும் அதை அப்படியே வைத்திருக்கும். முப்பத்தோரு வருஷம் தினமும் அந்தத் தூக்கைத் தோண்டி எடுத்துச் சாப்பிட்டவர், ஒரு நாள்கூட அதை இப்படி நினைத்ததில்லை. அவர் நவநீதத்தைப் பார்த்தார். உடம்பு என்பது சூடு. உயிரோடு இருக்கிற உடம்பு என்பது சூடேதான். அதை உமியில் புதைத்துவிட்டேன் என்று நினைத்தார். புதைத்துவிட்டேன் என்ற சொல் வந்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

பசையைத் தொட்டார். ஆடை தடித்திருந்தது, அழுத்தினால் இன்னும் உள்வாங்கியது. மணி இரண்டே கால். நேரம் இருந்தது. அறைக்கதவை விரியத் திறந்து வைத்தார். கூடத்திலிருந்து ஆஸ்பெஸ்டாஸின் அனல் உள்ளே வந்தது, மறுபடி பாதி சாத்தினார். கரண்ட் வந்து விசிறி சுற்ற ஆரம்பித்தது, பெரிய வித்தியாசம் இல்லை. சொல்லிவிடலாம். எப்படிச் சொல்வது என்பதுதான். எடுத்துடுப்பா என்றால் போதும். காரணம் கேட்க மாட்டான். அவன் முகம்தான் கேட்கும், அன்னிக்கே சொன்னேனே என்று. கேட்கட்டும், சின்னப் பையன் முகம் கேட்டுவிட்டுப் போகிறது. தள்ளித் திறக்கிற கதவு என்றானே, அது வெளியே வராது, சட்டத்துக்குள்ளேயே ஒன்றின்மேல் ஒன்றாக நகரும். ஓர் அங்குலம்கூட அந்தப் பக்கம் போகாது. அப்படியென்றால் தம்பி சொல்ல ஒன்றும் இல்லை. இதை அளவெடுத்த அன்றே இம்தியாஸ் கையால் நகர்த்திக் காட்டினான். அன்றைக்கு ஏன் வேண்டாம் என்றேன். அன்றைக்கும் நவநீதம் இங்கேதானே படுத்திருந்தாள். இந்தக் கேள்வியில் அவர் கொஞ்ச நேரம் மாட்டிக்கொண்டு நின்றார், வேட்டி முள்ளில் மாட்டிக்கொண்ட மாதிரி. இழுத்தால் கிழியும் என்று தெரிந்தது. இழுக்காமல் விட்டுவிட்டார். எப்படியோ, திறந்தால் காற்று வரும். காற்று வந்தால் அந்தப் பக்கத்துத் தாளிப்பு வாசனை வரும், அவர்கள் டிவி சத்தம் வரும், வேதவல்லி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நிற்கட்டுமே. வாசப்படியைத்தானே மிதிக்கக் கூடாது என்றேன். ஜன்னலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. இந்த வழி தெரிந்ததும் அவருக்கு நெஞ்சில் என்னவோ இறங்கியது. சொன்னது சொன்னபடி நிற்கும், அவளும் வந்து நிற்கலாம். நான் கூடத்தில் உட்கார்ந்துகொண்டால் போயிற்று. எனக்குத் தெரியாது என்று ஆகிவிடும். குனிந்து நவநீதத்தின் காதருகில், "எடுத்துடச் சொல்றேன். தொறக்கற மாதிரி போடச் சொல்றேன். அவ வந்தா பாரு," என்றார். அவள் கண் மெல்ல அவர் பக்கம் திரும்பியது. எத்தனையோ நாளைக்கு அப்புறம் அவள் அவரை நேராகப் பார்த்தாள். வாயின் நல்ல பக்கம் ஒரு இழை நகர்ந்தது. எடுத்துடுப்பா, எடுத்துடுப்பா என்று அவர் மனசுக்குள் சொல்லிப் பழகிக்கொண்டே கூடத்துக்கும் அறைக்கும் நடந்தார். மூன்றடிக்கப் பத்து நிமிஷம் இருக்கையில் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது.

இம்தியாஸ் தொப்பியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபடி படியேறினான். அவனுக்குப் பின்னால், படிக்குக் கீழே, தெருவில், கஜேந்திரன் நின்றான். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தான். வெயிலுக்குத் தலையில் துண்டு. கழுத்து வயசாகிப்போயிருந்தது. படியை மிதிக்கவில்லை, விரல் நுனிகூடப் படாமல் சரியாகத் தள்ளி நின்றான், அதையும் ஏகாம்பரம் கவனித்தார்.

"என்னங்கய்யா, என்னா முடிவு பண்ணீங்க?" என்றான் இம்தியாஸ்.

அவர் வாயைத் திறந்தார். சொல் நாக்கின்மேல் தயாராக இருந்தது.

"அண்ணா," என்றான் கஜேந்திரன். "இந்தத் தம்பி எல்லாம் சொல்லிச்சு. அதை எடுத்துடச் சொல்லுண்ணா. அண்ணி பாவம். வேதா காலையிலேருந்து சோறு தண்ணி இல்லாம அழுதுக்கினு கெடக்கறா."

ஏகாம்பரம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"பழைய மாதிரி வெளியே தொறக்கற கதவாவே போட்டுக்கோ. எவ்ளோ வேணா வரட்டும் எங்க பக்கம். நான் என்னிக்குண்ணா வேணான்னேன்?"

சொல்லிவிட்டு அவன் சிரித்தான். அழுகிறவன் சிரிக்கிற மாதிரிதான் இருந்தது, ஆனால் ஒரு பக்கம் பல் தெரிந்தது. நான் என்னிக்கு வேணான்னேன். அந்தச் சொல் ஏகாம்பரத்துக்குள் இறங்கி, அடியில் போய், எதையோ தேடியது. வேண்டாம் என்று அவன் சொன்ன நாள். அப்படி ஒரு நாள் இல்லை. வருது என்றுதான் சொன்னான். ஆணி அறைந்த கை யாருடையது, தகரம் வாங்கிவந்த கை யாருடையது. இவன் இப்போது சொல்வது சரியென்றால், பதினேழு வெயிலும் யார் போட்டது, போன கத்திரி யார் போட்டது, அவள் கண் திறக்காத அந்த மூன்று நாள் யார் கணக்கில் நிற்கும். எதிர்வீட்டில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். இப்போது எடுத்துவிடு என்றால், இவன் கொடுத்தான், நான் வாங்கிக்கொண்டேன் என்று ஆகும்.

"காஞ்சிருச்சு," என்றார்.

இம்தியாஸ் அவரைத் தாண்டி உள்ளே போய்க் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு வந்தான். விரல் நுனி வெள்ளையாக இருந்தது. "இல்லீங்கய்யா, இன்னும் ஈரமாத்தான் இருக்கு. இப்பகூட எடுத்துடலாம்."

"காஞ்சிருச்சுன்னு சொன்னேனே. நீ கெளம்பு."

"ஐயா, அம்மா..."

"கெளம்புப்பா."

இம்தியாஸ் விரலைத் துணியில் துடைத்தான். கஜேந்திரனைப் பார்த்தான். கஜேந்திரன் தலைத்துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு, தன் வாசலைப் பார்க்க நடந்தான். வண்டி கிளம்பிப் போகிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. ஏகாம்பரம் அதை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே திரும்பினார்.

அறையில் வெயில் ஜன்னலுக்கு நேராக வந்துவிட்டிருந்தது. கண்ணாடி அதை மட்டுப்படுத்தித்தான் விட்டது, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. டீ நிற வெளிச்சம் கட்டிலின்மேல் அமைதியாகக் கிடந்தது. வாசலில் பேசினது எல்லாம் நவநீதத்துக்குக் கேட்டிருக்கும், பாதிக் கதவுதான் சாத்தியிருந்தது. அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் பக்கவாட்டில் போய், துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக் குழாயைத் திறந்தார். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வந்தது. கை சுட்டது. துண்டை நனைத்துப் பிழிந்து கட்டிலருகே வந்தார். துண்டிலிருந்து ஆவி எழுந்தது. அவள் கண்ணை மூடியிருந்தாள். தூங்கவில்லை, இமை துடித்தது. இடது கை சட்டத்தின்மேல் வளையலோடு கிடந்தது, தட்டவில்லை.

"கொஞ்சம் ஆறட்டும்," என்றார் ஏகாம்பரம்.

சுடுகிற துண்டை இரண்டு கையிலும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு, அது ஆறுவதற்காக, அந்த அறையிலேயே நின்றார்.